கூரை பேசாத நேரம்

மாத்தளையில் மிளகு காயவைக்க நல்ல வெயில் கிடைப்பது கஷ்டம். காலையில் பளிச்சென்று அடிக்கும். நம்பிப் பாயை விரித்தால், கொஞ்ச நேரத்தில் எல்கடுவப் பக்கமிருந்து மேகம் இறங்கிவிடும். வீட்டைச் சுற்றிப் பலாவும் கொக்கோவும் நின்றால் அந்தக் கொஞ்ச வெயிலும் நிலத்தில் விழாது. அதனால்தான் பக்கத்து வீட்டுப் பெண்கள் எங்கள் வளவுக்குள் வந்தார்கள். அந்தக் குன்றில் மரமே இல்லாத வெட்டவெளி எங்களுடையது ஒன்றுதான். இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா.

முதலில் காவல்காரன் பழனிமுத்துவை விட்டுவிடுங்கள். வேலிக் கதவைத் திறந்துவைக்கச் சொன்னது நான். அன்று மண்ணெண்ணெய் வாங்க டவுனுக்கு அனுப்பியதும் நான். அவன் பிள்ளைகுட்டிக்காரன்.

என் பெயர் செல்வரத்தினம். சாவகச்சேரிப் பக்கத்து ஆள். கொழும்பில் பேசுவதையும் பாடுவதையும் வாங்கி இந்த மலைப்பக்கத்துக்கு அனுப்புகிற வானொலி நிலையத்தின் பொறுப்பாளர். நீங்கள் கோபுரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரில் எல்லாரும் கம்பம் என்பார்கள், எனக்கும் அது கம்பம்தான். சுதந்திரம் கிடைத்துச் சில வருஷத்தில் அதை நிறுத்தினோம். துண்டு துண்டாக ஏற்றி ஆணி முறுக்கியவர்களில் நானும் ஒருவன், அப்போது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அது சாதாரண இரும்புத்தூண் அல்ல. அடியில் ஒரு பெரிய பீங்கான்மேல் நிற்கிறது. ஒலிபரப்பு நடக்கும்போது அடியிலிருந்து நுனிவரை முழுக்க மின்சாரம். தொட்டால் சுடும் என்று சொல்வோம். அது மரியாதைக்குச் சொல்வது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் மனைவி சுசீலாதேவி கம்பத்தை உங்கட மூத்தவர் என்றுதான் சொல்லுவாள். மழைக்காலத்தில் நான் ஈரத்தோடு உள்ளே வந்தால், மூத்தவருக்குத் தடிமன் காய்ச்சலோ என்று கேட்டுச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அவள் கேலி செய்தாலும் அதில் பொய் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

நாங்கள் வந்தபோது சுற்றிலும் கொக்கோத் தோட்டம். துரைமார் போனபின் தோட்டம் கைமாறியது, பிறகு துண்டு துண்டாக விற்றார்கள். டவுனில் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பங்கள் வாங்கின. தலைமுறை தலைமுறையாக மாத்தளையில் இருக்கிறவர்கள், நல்ல மனிதர்கள், அதை நான் மறுக்கமாட்டேன். முதலில் பாதையோரம் ஒரு வீடு. பிறகு அதற்கு மேலே ஒன்று. தகரக் கூரைகள் வருஷத்துக்கு வருஷம் மேடேறி வந்து எங்கள் முள்ளுக்கம்பி வேலியில் நின்றன. கம்பத்தைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்கு வீடு கட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. நான் முறைப்பாடு செய்தேன். ஆள் வந்தார், பார்த்தார், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அடுத்த மாதமே இன்னொரு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினார்கள்.

வேலியோரத்து வீடுகளில் கூரை பேசும். நீங்கள் சிரிக்கவேண்டாம், இது உண்மை. துருப்பிடித்த தகரமும் ஆணியும் சேர்கிற இடத்தில் ஒலிபரப்பு சிக்கிக்கொண்டால், ரேடியோப் பெட்டி இல்லாமலே செய்தியும் பாட்டும் மெல்லிசாகக் கேட்கும். நோன்புக்காலத்தில் அந்தி நேரத்துப் பாங்கும் அப்படியே கேட்கும். எங்க கூரையே பாங்கு சொல்லுது ஐயா என்று ஹமீமா ஒருநாள் வந்து பெருமையாகச் சொன்னாள். கையில் நோன்புக் கஞ்சிப் பாத்திரம்.

ஹமீமா பதுர்தீனின் மனைவி. பதுர்தீனுக்கு டவுனில் இரும்புக்கடை, வேலியை ஒட்டிய வீடு அவருடையது. அவள் உக்குவளையில் தாயில்லாமல் வளர்ந்தவள். கலியாணம் முடித்து வந்த புதிதில் சட்டை தைக்கப் பழக வேண்டுமென்று என் மனைவியிடம் வந்தாள். அதற்குப் பிறகு வராத நாள் இல்லை. சுசீலாம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே படியேறுவாள். அந்தக் குரல் கேட்டதும் என் மனைவியின் முகத்தில் ஒரு மாற்றம் வரும். என்னோடு இருந்த இத்தனை வருஷத்தில் அதை நான் பார்த்ததில்லை.

மிளகு காயவைக்க வழி கேட்டவள் அவள்தான். நான் ஒரு அடையாளம் சொல்லிக்கொடுத்தேன். காலை ஒலிபரப்பு முடிந்து மத்தியான ஒலிபரப்பு தொடங்கும்வரை கம்பத்துக்கு ஓய்வு. கூரை பேசினால் வேலிக்குள் வரக்கூடாது, கூரை வாயை மூடினால் வரலாம். மணிக்கூடு தேவையில்லை, சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அன்றிலிருந்து கூரை அடங்கியதும் பெண்கள் பாய்களோடு வந்துவிடுவார்கள். கம்பத்தைச் சுற்றி மிளகும் கராம்பும் காயும். ஹமீமா ஒருபடி மேலே போய், வேலித்தூணில் ஒரு கம்பியைக் கட்டி, மறுமுனையில் கொளுக்கி வளைத்து, கம்பத்தின் காலில் மாட்டி உடுப்புக் காயப்போட்டாள். ஓய்வு முடிய முன்னே பழனிமுத்து ஒரு சத்தம் போடுவான், கழற்றிச் சுருட்டிக்கொண்டு போய்விடுவாள். ஆரம்பத்தில் கொளுக்கியை மாட்டுமுன் நிலையத்தில் இருக்கிற என் சன்னலைப் பார்ப்பாள். நான் தலையசைப்பேன், அதற்குப் பிறகுதான் மாட்டுவாள். போகப் போக அது விட்டுப்போயிற்று. கூரை அடங்கினால் போதும் என்றாகிவிட்டது.

பிறகு பெட்டிசம் வந்தது. படலைக் கதவைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறதாம், கூரை பேசிப் பிள்ளைகள் தூங்குவதில்லையாம். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவர் பதுர்தீன். கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து குன்றின்மேல் நின்று கூரைகளைப் பார்த்தார். இத்தனை குடும்பங்களைக் கிளப்ப முடியாது, கம்பத்தைக் கிளப்புவதுதான் சுலபம் என்றார். இதைக் கழற்றிவிட்டுத் தம்புள்ளைப் பக்கத்துச் சமவெளியில் புதிதாக ஒன்று நிறுத்துவார்களாம். பழைய இரும்பை ஏலத்தில் விடுவார்களாம். என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். நான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்தேன்.

அன்று பின்னேரம் ஹமீமா வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஐயா, பெட்டிசம் கொண்டுபோனது எங்க ஊட்டுக்காரர்தான். மறைக்க எனக்கு மனசு வரல்ல. கோவிச்சுக்காதீங்க" என்றாள். படியிறங்கப் போனவள் திரும்பி, "கம்பம் போனா போகட்டும் ஐயா. நீங்க ரெண்டு பேரும் மட்டும் எங்கள உட்டுட்டுப் போயிராதீங்க" என்றாள்.

அவள் போனபின் என் மனைவி அடுப்படியிலிருந்து பேசினாள். "அவள் சொல்லுறதும் சரிதானேயப்பா. கம்பம் போனாப் போகட்டும். நீங்கள் பென்சன் எடுங்கோ, நாங்கள் இஞ்சையே ஒரு துண்டு காணி வாங்கிக்கொண்டு இருப்பம். எனக்கெண்டு ஒரு பிள்ளை இஞ்சை இருக்குது."

எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்தில் செய்தேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பவேண்டாம். எனக்குத் துக்கம்தான் வந்தது. இருவரும் ஒரே வசனத்தைச் சொன்னார்களே, கம்பம் போனால் போகட்டும் என்று, அதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அன்று நான் சாப்பிடவில்லை. அவள் ஏன் என்று கேட்கவும் இல்லை, ஹமீமாவின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நான் நிதானமாக யோசித்தேன். வீடு கட்டக்கூடாது என்ற விதி தூங்குகிறது, ஒரு விபத்து நடந்தால் விழித்துக்கொள்ளும். வேலிக்கு இவ்வளவு கிட்ட ஆட்கள் இருப்பது ஆபத்து என்று நான் சொன்னால் யாரும் கேட்கவில்லை, ஒரு சூடுபட்ட விரல் சொன்னால் கேட்பார்கள். பெண்கள் பயப்படுவார்கள், வீடுகளை விற்றுக்கொண்டு கீழே இறங்குவார்கள். ஒரு விரல் மட்டும்தான். அடுப்பில் சுட்டுக்கொள்வதில்லையா? அப்படித்தான் நினைத்தேன்.

என் மனைவி காய்ச்சலில் படுத்திருந்த வாரம் அது. ஹமீமாதான் கஞ்சி காய்ச்சிக்கொடுத்தாள், எங்கள் உடுப்பையும் சேர்த்துத் தோய்த்தாள்.

நான் செய்தது பெரிய வேலை இல்லை. காலை ஒலிபரப்பு முடிந்ததும் வழக்கமாக இரண்டையும் நிறுத்துவேன், சத்தத்தையும் கம்பத்து மின்சாரத்தையும். அன்று சத்தத்தை மட்டும் நிறுத்தினேன். சத்தம் இல்லாவிட்டால் கூரை பேசாது. ஆனால் கம்பத்தில் மின்சாரம் இருக்கும். பரிசோதனைக்காக அப்படி விட்டுவைக்கிற வழக்கம் எங்கள் வேலையில் உண்டு, யாரும் கேட்டால் சொல்ல ஒரு காரணம் இருந்தது.

கூரைகள் அடங்கின. ஹமீமாதான் முதலில் வந்தாள். எப்போதும் அவள்தான் முதலில் வருவாள். இடுப்பில் உடுப்புக் கூடை, மற்றக் கையில் கம்பி. முதல்நாள் மழையில் நிலம் ஈரம், அவள் காலில் செருப்பு இல்லை. அவள் சன்னலைப் பார்க்கவில்லை. கொளுக்கியை மாட்டப் போனாள். அவள் கத்தவில்லை, ஐயா. கத்துவாள் என்று நினைத்திருந்தேன். நான் உடனே மின்சாரத்தை நிறுத்தினேன், அதை எழுதிக்கொள்ளுங்கள். ஓடிப்போய்த் தூக்கினேன். தோளில் உதறிப் போட்டிருந்தது என்னுடைய வெள்ளைச் சட்டை. முதலில் அதைத்தான் காயப்போட இருந்தாள்.

காரில் கொண்டுபோகும்போது மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இல்லை.

மையத்து வீட்டுக்கு என் மனைவி காய்ச்சலோடு போனாள். பதுர்தீனின் தாய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாராம், நீங்க பெத்த புள்ளமாதிரி வச்சிருந்தீங்களே என்று. பதுர்தீன் என்னிடம் வந்தார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. "அல்லாட நாட்டம் ஐயா, நீங்க மனச உட்டுராதீங்க. உங்களப் பத்தி அவ ஒரு குறை சொன்னதில்ல" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் என் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

விபத்து என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நீங்கள் பழனிமுத்துவைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். கொழும்பிலிருந்து அதே அதிகாரி வந்து நிலையத்தைப் பூட்டிச் சீல் வைத்தார். வீடுகள் இருக்கும், கம்பம் போகும். ஒரு விரல் சுட்டால் விதி விழிக்கும் என்று நினைத்தேனே, அது எனக்கு எதிராகத்தான் விழித்தது. வருகிற மாதம் கழற்றுகிறார்கள். நான் பார்க்கமாட்டேன், நீங்கள் என்னை எங்காவது அடைத்துவைத்திருப்பீர்கள், அது ஒரு வகையில் நல்லது.

ஏன் இப்போது வந்தேன் என்று கேட்டீர்கள். என் மனைவி அனுப்பினாள். மையத்து வீட்டிலிருந்து வந்தபின் அவள் என்னோடு பேசவில்லை. தையல் மெஷினைத் துணியால் மூடிவிட்டு அதன் பக்கத்திலேயே இருந்தாள். இன்று காலை வாயைத் திறந்தாள்.

"பாட்டு நிண்டாப்பிறகும் காத்தாடிச் சத்தம் கேட்டது. நான் படுக்கையில கிடந்து கேட்டனான். ஏனப்பா?"

மின்சாரம் ஓடும்போது ஒலிபரப்பு மெஷினைக் குளிர்விக்க உள்ளே ஒரு காற்றாடி சுழலும். நிலையத்தை ஒட்டிய வீட்டில் இத்தனை வருஷம் என்னோடு இருந்தவளுக்கு அது தெரியாதா? போய்ச் சொல்லுங்கோ, பழனிமுத்துவின்ர பெண்சாதி வாசலில வந்து நிக்கிறாள் என்றாள். சட்டையை மாற்றிக்கொண்டு வந்தேன்.

எனக்கு அவளைக் கொல்லவேண்டும் என்று இல்லை. அதை நீங்கள் நம்பவேண்டும். அவள் எனக்கும் மகள் மாதிரித்தான். அவளை நினைக்காமல் ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை. யார் வேண்டுமானாலும் முதலில் தொட்டிருக்கலாம், அது அவளாக அமைந்தது, நான் என்ன செய்ய?

கையெழுத்துப் போடுகிறேன், தாருங்கள். கொஞ்சம் பொறுங்கள். ஒரு இடத்தைத் திருத்தவேண்டும். அவள் சன்னலைப் பார்க்கவில்லை என்று சொன்னேன், அது சரியில்லை. அந்தக் காற்றாடிச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கவேண்டும். கம்பத்துக்குக் கிட்ட வந்தவள் நின்றாள். கூரைப் பக்கம் திரும்பிக் காதுகொடுத்தாள். கூரை பேசவில்லை. ஆனாலும் கொளுக்கியை மாட்டவில்லை, அதைக் கையில் வைத்துக்கொண்டு, வந்த புதிதில் பார்த்ததுபோல என் சன்னலை நிமிர்ந்து பார்த்தாள்.

நான் தலையசைத்தேன்.