புயலுக்கு நடுவே வெயில்

—திருகாதண்ணே! கைய எடு, மதகத் தொறக்காத!

—இந்தா பாரு புள்ள அம்சம், தள்ளு. புயல்தான் போயிடுச்சுல்ல? வெயிலே அடிக்குது. வயல்ல இடுப்பளவு தண்ணி நிக்குது. இப்ப கடலுக்கு வடிய வுடலேன்னா பயிரு முங்கியே அழுகிடும்.

—போவலண்ணே. இது புயலோட கண்ணு.

—கண்ணாம், மூக்காம். காலேசுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?

—கேளேன். வண்டிச் சக்கரம் மாதிரி காத்து சுத்துது. நாம இப்ப அச்சு மாட்டுற நடுக் குடத்துல நிக்கிறோம். அதான் இலகூட ஆடல. மறுபாதி சக்கரம் இன்னும் வரணும்.

—வரட்டுமே. அடிச்சு ஓஞ்சு போயில்ல வரும்?

—ஓயாது. கடல் சூட்டக் குடிச்சுத்தான் அது வளருது. பாதி ஒடம்பு இன்னும் கடல் மேலதான் கெடக்கு.

—காலையிலேருந்து அடிச்சதத் தாங்கல? கூரை போச்சு, அவ்வளவுதானே.

—அது தரையிலேருந்து வந்த காத்து. கடல வெளிய தள்ளிக்கிட்டு இருந்துச்சு. இனிமே கடல்லேருந்து அடிக்கும். கடலையே உள்ள தள்ளும். குறுக்க நிக்கிறது இந்த மதகு ஒண்ணுதான்.

—இந்தா பாரு. பண்ணை கழிச்சுக் கட்டுன பள்ளக்கால் நெலத்தத்தான் நில உச்சவரம்புச் சட்டம்னு நமக்குக் குடுத்தாங்க. அதுக்குப் போராடியே அப்பா செயில்ல கெடந்து செத்தாரு. இது மொத வெள்ளாமை. இத முங்க வுட்டுட்டு வேடிக்கை பாக்கச் சொல்றியா?

—பயிரு போனா மறுபடி நடலாம். உப்பு ஏறுனா நெலமே போயிடும். அடுத்தாப்ல நம்ம தெரு.

—தெருவுல யாரு இருக்கா? எல்லாரும் மேட்டுக் கோயில்ல இல்ல இருக்காங்க?

—வெயிலப் பாத்துட்டு எறங்கிட்டாங்கண்ணே. அம்மா வெறகக் காயப் போட்டுக்கிட்டு நிக்குது.

—அம்மாவா? வீட்டுலயா?

—ஆமா. தூக்குன மதகுப் பலகைய எறக்கு.

—புடி அந்தப் பக்கம். சேந்து திருகு.

—எறங்க மாட்டேங்குதே!

—துருப்புடிச்ச திருகு. ஏறும்போதே உசுர வாங்குச்சு. தம் கட்டு... இன்னும்...

—அண்ணே. காத்து.

—எந்தப் பக்கம்?

—கடல் பக்கம். அங்க பாரு, வாய்க்கால் தண்ணி ஊரப் பாத்து ஓடுது.

—ஓடு புள்ள! எல்லாரையும் கோயிலுக்குக் கெளப்பு. அம்மா வரலேன்னா இழுத்துக்கிட்டுப் போ.

—நீயும் வா.

—இத மூடாம நான் எங்க வர்றது? போங்கறேன்ல!

—போறேன். புயல் போயிடுச்சுன்னு நீ எப்படிண்ணே நம்புன?

—பண்ணை காரியஸ்தர் ரெத்தினம் சொன்னாரு. நெலம் நம்ம கைக்கு வந்ததுலேருந்து மொகம் குடுத்துப் பேசாத மனுசன், இன்னிக்கு அவராக் கூப்புட்டாரு. ரேடியோவுல சொல்லிட்டாங்க, ஆபத்து இல்ல, போயி ஒன் வயல வடிய வுடு மருதையான்னு மதகுச் சாவியக் குடுத்தாரு. நல்ல மனசுன்னு கையெடுத்துக் கும்புட்டேன்.

—கையில குடுத்தாரா?

—இல்ல. பண்ணை வீட்டு மாடியிலேருந்து தூக்கிப் போட்டாரு. பொண்டாட்டி புள்ளைங்கல்லாம் பக்கத்துலயே நின்னாங்க... அம்சம், கன்னுக்குட்டியக்கூட மேல ஏத்தி வெச்சிருந்தான்.