பெயிண்ட் டப்பாவின் கனம்

கைக்குப் பலம் ஏற்றக் காசு செலவழிக்கிறவன் ஏமாளி, சம்பந்தி. ஒரு முழம் தண்ணீர்க் குழாய், நடுவில் ஓர் ஓட்டை, அதில் கட்டிய கயிறு, கயிற்றின் முனையில் மணல் நிரப்பிய பெயிண்ட் டப்பா. இவ்வளவு போதும். கைகளை நேரே நீட்டிக் குழாயை முறுக்க முறுக்கக் கயிறு சுற்றிக்கொண்டு டப்பா மேலே வரும். மணிக்கட்டு நெருப்பாக எரியும். பம்ப் பட்டறையில் ஃபிட்டராக இருந்த காலம் முழுக்க நான் செய்தது இதுதான். இரும்புப்பிடி என்று என்னைச் சும்மா கூப்பிடவில்லை.

உங்கள் மகனுக்கும் நான்தான் செய்துகொடுத்தேன். கல்யாணத்தன்று அவன் கையைக் குலுக்கிவிட்டு, "என்ன மாப்பிள்ளை, பஞ்சு மூட்டையப் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றேன். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்களும்தான். தையல்காரனுக்குக் கத்தரி பிடிக்கிற பலம் போதாதா என்று அவன் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எங்கள் மாடிக்குக் குடிவந்ததும், "மாமா, கைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? எனக்கும் சொல்லுங்க" என்று வந்து நின்றான். நல்ல பையன். அதில் எனக்குக் குறையே இல்லை.

விடாமல் செய்தான். கடை மூடி வந்ததும் பின்கட்டில் கயிறு முறுக்கேறும் சத்தம் கேட்கும். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து காஜா தைத்துக்கொண்டே அவனைப் பார்ப்பாள். ஒரு காலத்தில் என்னைத்தான் அப்படிப் பார்ப்பாள்.

போன வருடம் நீங்கள் எல்லோரும் வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் முழங்கை ஊன்றி நானும் அவனும் கை மடக்கினோமே, நான் ஜெயித்தேன். "சம்பந்திக்கு வயசே ஆகல" என்றீர்கள். நீங்கள் கிளம்பிய பிறகு மகள் பாத்திரம் கழுவிக்கொண்டே சிரித்தாள்.

"அவர்தான் விட்டுக்குடுத்தாருப்பா. உங்க மூஞ்சி வாடிப்போயிடுமாம், பாவம்னு."

அவள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. பூட்டிய பிடியில் அவன் கை ஒரு நொடி சுவர் மாதிரி நின்றது. பிறகு தானாக இளகியது. எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் பிச்சையாக வாங்கியதில்லை.

அதனால் டப்பாவைத் திறந்தேன். கொஞ்சம் மணலை அள்ளிவிட்டு, அந்த இடத்தில் பட்டறை ஈயத் துண்டுகளைப் போட்டு மூடியைத் தட்டி அடைத்தேன். அவனுக்குப் பழகப் பழக, இன்னும் கொஞ்சம். வெளியே பார்த்தால் அதே டப்பாதான்.

"மாமா, என்னமோ இன்னைக்குக் கனக்குது."

"டப்பா கனக்கல மாப்பிள்ளை. உங்க கை தளருது. இப்ப விட்டீங்க, மொத்தமும் போயிடும்."

வலது மணிக்கட்டு வீங்கியது. கொஞ்ச நாள் ஓய்வு கொடுக்கட்டுமா என்று கேட்டான். வலித்தால்தான் நரம்பு இறுகும் என்றேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் யோசித்திருப்பான். சொன்னது இரும்புப்பிடி. மணிக்கட்டு நரம்பு அறுந்தபோது நான் எதிரே நாற்காலியில்தான் இருந்தேன். சத்தம் எனக்கே கேட்டது.

இனிக் கத்தரி பிடிக்க முடியாது என்று டாக்டர் சொன்னதும் கடையைக் காலி செய்தான். "என் உடம்பு வாகு அவ்வளவுதான் மாமா" என்று என்னிடமே வந்து அழுதான். என்மேல் அவனுக்கு இம்மியளவும் சந்தேகமில்லை. நீங்கள்தான் இன்று அந்த டப்பாவை ஓரமாக வைக்கப் போய், தூக்கியவுடன் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். ஆமாம், நான்தான் செய்தேன். குடும்பத் தலைவன் என்று ஒருவன் இருந்தால் அவன் தலை நிமிர்ந்திருக்க வேண்டும்.

ஆனால் பொறாமை என்று மட்டும் சொல்லாதீர்கள். இன்று காலை அவனுக்குச் சட்டை மாட்டிவிட்டதே நான்தான். அப்போது அவன் வலது கையை என் கைக்குள் வைத்து லேசாக அழுத்திப் பார்த்தேன். வலியில் அவன் கண் கலங்கிவிட்டது. நேற்றும் அப்படித்தான், அதற்கு முந்தின நாளும் அப்படித்தான். இந்தக் கையைப் பார்த்தா சம்பந்தி நான் பொறாமைப்படுவேன்?