வேருக்குள் வைத்த காளான்

பெங்களூரில் எதை நட்டாலும் முளைக்கும் என்பார்கள். மல்லேஸ்வரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் துப்பிய சப்போட்டா விதைகூட மரமாகி நிற்கிறது. நான் நட்டது மட்டும் ஒவ்வொரு முறையும் அழுகியது. அந்த எரிச்சலிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும், இன்ஸ்பெக்டர்.

அது ஓர் ஆர்க்கிட். இலை கிடையாது, பச்சையே கிடையாது. நிழலில், மண்ணுக்குள் கிழங்காகக் கிடக்கும். சீனாவில் அந்தக் கிழங்கைத் தலைசுற்றலுக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள். என் மனைவி பாகீரதிக்குத் தலைசுற்றல். தானாகச் சாப்பிடத் தெரியாத செடி அது. ஒரு காளான் அதற்கு ஊட்ட வேண்டும்; அந்தக் காளானுக்கு மரம் வேண்டும். மரத்தூள் பையில் வைத்தேன், செத்தது. விறகுக் கட்டையில் வைத்தேன், செத்தது. வங்கியில் மேனேஜராக இருந்தவன், ஒரு காளானிடம் தோற்றுக்கொண்டே இருந்தேன். அழுகையே வந்தது.

காம்பவுண்டுக்கு வெளியே தெருவில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் வேர் எங்கள் பக்கமும் வந்திருந்தது. வேரைக் கீறி, காளானை உள்ளே வைத்து, சணலால் கட்டி, பக்கத்திலேயே கிழங்கைப் புதைத்தேன். உங்கள் மேசையில் இருப்பது அந்தச் சணல்தான். இந்தக் காளான் உயிருள்ள வேரைத்தான் ஆசையாகத் தின்னும். கிழங்கு பருத்தது. வெகுநாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினேன்.

மரத்தடியில் முத்தம்மா தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்ப்பாள். "மரம் ஒரு பக்கமா சாயுது சார். பாலிகேல ஒரு தபா சொல்லுங்க, கெளைய கழிச்சு விடுவாங்க," என்றாள் ஒருநாள். மாநகராட்சியில் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. வந்து பார்த்தால் மரத்தையே வெட்டிவிடுவார்கள்; கிழங்குக்கு நிழல் போய்விடும். கடைசியில் வேறு யாரோ சொல்லி, ரம்பத்தோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கல் மாதிரி இருக்கிறது என்று கன்னடத்தில் சத்தியம் செய்தேன். தெருவே கைதட்டியது. என் கன்னம் பட்ட இடத்தில் பட்டை மெத்தென்று உள்ளே போனது எனக்கு மட்டும்தான் தெரியும்.

முத்தம்மாவுக்கும் அந்த நிழலில்தான் பிழைப்பு. மரத்தையே வெட்டியிருந்தால் எங்கே போவது என்று பயந்திருக்கிறாள். "உங்க புண்ணியத்துல என் எடம் தப்பிச்சுது சார்," என்று என் சட்டையைக் காசு வாங்காமல் தேய்த்துக் கொடுத்தாள். இப்போது போட்டிருப்பது அதுதான். மடிப்பு இன்னும் கலையவில்லை, பாருங்கள்.

போன வாரம் காற்றோடு மழை. துணி நனையக் கூடாதென்று வண்டியை மரத்தோடு ஒட்டி இழுத்துக்கொண்டாள். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வா என்று கூப்பிட்டிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். அதற்குள் மரம் விழுந்துவிட்டது.

குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். வேர் பிய்ந்து குழி திறந்து கிடந்தது. கிழங்குகளின் மேல் குடையை விரித்துவைத்தேன். வண்டிக்கு அடியிலிருந்து கொஞ்ச நேரம் குரல் கேட்டது. நான் கிழங்குகளைப் பொறுக்கி முடிப்பதற்குள் நின்றுவிட்டது.

அலம்பி, கஷாயம் வைத்துப் பாகீரதியிடம் நீட்டினேன். அவள் டம்ளரைத் தொடவில்லை.

"ஏன்னா, எனக்குத் தலைசுத்தல் நின்னு வருஷக்கணக்காச்சே. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்," என்றாள்.

மரம் விழும் என்று எனக்குத் தெரியும். முத்தம்மா அதன் கீழேதான் நிற்பாள் என்றும் தெரியும். நான்தான் செய்தேன். பாகீரதிக்காகச் செய்தேன் என்பதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.