தீப்பெட்டிக் கேள்வி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கையெழுத்தும் எழுத்துப்பிழையும் கண்ணை உறுத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டியிலிருந்து புதூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் டை கட்டிய இரண்டு காலேஜ் பையன்கள் இருந்தார்கள்.

"ஏலே, தீப்பெட்டி எங்க வீட்டுத் தொழில். வேலை மட்டும் உனக்கா?" என்றான் ஜன்னலோரப் பையன்.

"நான் என்னலே செய்ய? கம்பெனிகளுக்கு யோசனை சொல்லுத வேலை. காலேஜுக்கு ஆள் எடுக்க வந்தவிய நாம எப்படி யோசிக்கோம்னுதான் பாத்தாவ."

"நாட்டுல ஒரு நாளைக்கு எத்தனை தீப்பெட்டி செலவாகும்னுதான உங்கிட்டயும் கேட்டாவ?"

"ஆமா. எங்க அம்மா அடுப்புக்கு எத்தனை குச்சி, அப்பா பீடிக்கு எத்தனை குச்சின்னு ஆரம்பிச்சு, ஊரு, நாடுன்னு பெருக்கிக்கிட்டே போனேன். நீ என்ன சொன்ன?"

"எங்க அப்பாட்ட போன்ல கேட்டுச் சொல்லுதேன்னேன்."

மற்றவன் அடக்கிப் பார்த்தான், முடியாமல் சிரித்துவிட்டான்.

"சிரிலே, நல்லா சிரி. பீடி குடிச்ச கணக்குக்கு மெட்ராஸ்ல வேலை!"

ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் பஸ் நின்றது. சிரித்தவன் எழுந்தான்.

"வாரேன்லே."

"என் ஷூவைக் கழட்டிக் குடுத்துட்டு எறங்கு."

"நாளைக்குத் தொடச்சுக் கொண்டாரேன்."

"இப்பமே கழட்டு."

கண்டக்டர் விசில் ஊதினார். அவன் ஷூவைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டு, டையும் சாக்ஸுமாக ஈரக் கரிசலில் இறங்கினான். மண் அப்பிக்கொண்டதும் சாக்ஸையும் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, சிரித்தபடியே நடந்தான்.

ஜன்னலோரப் பையன் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு, அவன் மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தான்.

நடந்தது ஐப்பசியில். எழுதக் கை வந்தது இன்று, 19-1-2003.