பரண்மேல் இரண்டு சீசாக்கள்

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், இன்ஸ்பெக்டர் ஐயா. சென்னையில் பி.எஸ்ஸி. முடித்து மலைமேல் எங்கள் செம்மேட்டுக்குத் திரும்பிய பிறகு, யாருக்குக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் படித்துச் சொன்னதை யாரும் சந்தேகித்ததில்லை.

நாற்பத்து நான்காம் வருஷம் ஐப்பசியில் என் தம்பி சின்னராசுவை டோலியில் மலைக்குத் தூக்கி வந்தார்கள். பட்டாளத்தில் நிமோனியா வந்து நெஞ்சுக்குள் சீழ் கட்டியதால், ஒரு விலா எலும்பை வெட்டி எடுத்திருந்தார்கள். கூடவே டாக்டரின் தாளும், ரப்பர் குழாய் மாட்டிய இரண்டு சீசாக்களும் வந்தன.

தாளில் எல்லாம் தெளிவாக இருந்தது. மணிக்கொரு தரம் எழுந்து உட்கார வேண்டும். வலித்தாலும் இருமிச் சளியைத் துப்ப வேண்டும். ஒரு சீசாவின் தண்ணீரை மற்றதற்கு ஊதித் தள்ள வேண்டும். சுருங்கிய நுரையீரல் அப்படித்தான் விரியும்.

"அசையக் கூடாதாம். இருமினா காயம் பொளந்துக்குமாம்" என்று படித்துச் சொன்னேன். சீசாக்களைப் பரண்மேல் வைத்தேன்.

எனக்குப் பயம், ஐயா. தேறினால் மறுபடி பர்மா எல்லைக்கு அனுப்பிவிடுவார்கள். அவனோடு போன இருவர் திரும்பவில்லை. நுரையீரல் விரியாவிட்டால் வீட்டிலேயே இருப்பான். அவ்வளவுதான் நினைத்தேன்.

நான் சொன்னபடியே அவன் கிடந்தான். "பட்டாளத்துலகூட இருமறதுக்குத் தடையில்லீங்க்கா" என்று சிரித்தான். சிரிக்கவும் கூடாது என்றேன்.

"எந்திரிச்சதும் சேலத்துல லாரி ஓட்டப் போயிருவேன். அதுக்கும் தாள்ல தடை இருக்குதுங்களா?"

"மொதல்ல படு, சாமி."

"பெத்த எனக்கே இந்தப் பொறுமை வராது கண்ணு" என்றாள் அம்மா.

ஆறாம் நாள் காய்ச்சல் கண்டது. இருமல் தொண்டைவரை வரும். என் முகத்தைப் பார்த்து விழுங்கிவிடுவான். அவன் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். வலப்பக்கம், கீழே, மூச்சின் சத்தமே இல்லை. என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அப்போதாவது எழுப்பி உட்கார வைத்திருக்கலாம். தாளில் வேறென்ன இருந்தது என்று அம்மா கேட்பாளே என்று பயந்தேன்.

ஒன்பதாம் நாள் அவன் உதடு நீலமாக இருந்தது.

"அக்கா, ஒரே ஒரு தடவ இருமிக்கட்டுங்களா?"

வேண்டாம் என்றேன். மத்தியானம் போய்விட்டான்.

கீழே ராசிபுரத்து டாக்டரிடம் அம்மா அந்தத் தாளைக் காட்டியதில் எனக்கு வருத்தமில்லை. நான்தான் செய்தேன். ஆனால் நீங்கள் அதன் கடைசி வரியில் விரல் வைத்துக் கேட்கிறீர்கள். ஆமாம், அதையும் முதல் நாளே படித்தேன். பட்டாளத்திலிருந்து இவனை அடியோடு விடுவித்தாயிற்று, இனி அழைக்கமாட்டோம் என்று எழுதியிருக்கிறது.

ஒரு தாளில் எழுதியிருப்பதை நம்பி, என் தம்பியை எப்படி ஐயா எழுந்து நடக்க விடுவேன்?