இரண்டாம் தலைமுறைத் தக்காளி

இந்த விதைப் பகிர்வு விழாவுக்குத் தலைமை ஏற்று, என்னைப் பேச அழைத்துவிட்டு இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட தலைவர் அவர்களே! மொட்டைமாடியை எல்லாம் தோட்டமாக்கி, வீட்டுக்காரரிடம் வசவு வாங்கிய பெரியோர்களே! அரிசி கழுவிய தண்ணீரைக்கூடச் சும்மா கொட்ட மனம் வராத தாய்மார்களே! தொட்டிக்கு மண் சுமந்தே தோள் தேய்ந்த கணவன்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்தக் கடிகாரக் கடைக்காரனின் கனிவான வணக்கம்.

தலைவர் பார்க்கும் கடிகாரம் நான் பழுதுபார்த்தது. அது கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். ஆகவே எனக்கு நேரம் இருக்கிறது.

கலப்பு விதைக்குத் தாய்ச்செடியை, தந்தைச்செடியை எப்படித் தேர்வது என்று கேட்டீர்கள். பளபளக்கும் ஒரு பழத்தைக் கண்டு மயங்கிவிடாதீர்கள்! பழத்தைப் பார்க்காதீர்கள், செடியைப் பாருங்கள். வெயிலுக்கு வாடாமல் நின்றதா? பூச்சிக்குப் பணியாமல் நின்றதா? கடைசிக் காய்ப்பு வரை களைக்காமல் நின்றதா? நின்ற செடியே நிறைந்த செடி.

அப்படி இரண்டு செடிகள் எங்கள் மாடியில் நின்றன. ஒன்று என் மனைவியின் தக்காளி. தேனாய் இனிக்கும், ஆனால் மெல்லிய தோல், ஒரு மழைக்கே வெடித்துவிடும். மற்றது என் சம்பந்தி அம்மாள், அதாவது மருமகளின் தாய், மகளிடம் கொடுத்தனுப்பியது. கல்லில் விழுந்தாலும் கசங்காது. கடித்தால் காது வரை புளிக்கும். இந்த இரண்டு அம்மாக்களுக்கும் அப்போது பேச்சுவார்த்தையே கிடையாது. பிள்ளைகள் தாங்களாகவே முடிவெடுத்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்தக் கோபத்தைப் பிள்ளைகள் மேல் காட்ட மனமில்லாமல், பெரியவர்கள் ஒருவர் மேல் ஒருவர் காட்டினார்கள்.

என்ன, எந்தச் செடி எந்த அம்மா மாதிரி என்றா கேட்கிறீர்கள்? அதைச் சொன்னால் எனக்கு யார் சோறு போடுவது?

திருகாணி எடுக்கும் இடுக்கியால் விரியாத மொட்டைப் பிரித்தேன். உள்ளிருந்த மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்தேன். மற்றதன் மகரந்தத்தைத் தொட்டு வைத்து, அடையாளத்துக்கு நூல் கட்டினேன். பிறந்தது முதல் தலைமுறை! அத்தனை செடியும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி. இனிப்பும் இருந்தது, தோலும் தாங்கியது.

அதைக் கண்டு என் மனைவியின் மனம் இளகியது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அந்தப் பழங்களின் விதையை உலர்த்திச் சம்பந்திக்கு அனுப்பினாள். இதே பழம் உங்கள் வீட்டிலும் வரும் என்று சொல்லியும் விட்டாள். சமாதானத்துக்கு அவள் நீட்டிய முதல் கை அது. மீதி விதையைத் தானும் விதைத்தாள்.

வந்ததா? அதோ, ஓர் அம்மா தலையில் கை வைத்துவிட்டார். அவருக்கு அனுபவம் உண்டு போலிருக்கிறது! கலப்பில் முதல் தலைமுறை கட்டுப்பட்டு நிற்கும். இரண்டாம் தலைமுறை எட்டுத் திக்கும் சிதறும். உள்ளே ஒளிந்திருந்த குணமெல்லாம் தலையெடுக்கும். சம்பந்தி வீட்டில் ஒரு செடி கோலிக்குண்டாய்க் காய்த்தது, ஒன்று புளித்தது, ஒன்று வெடித்தது. கழித்துப்போட்ட விதையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று அந்த அம்மா கொதித்தார். நல்ல மனதோடு கொடுத்தது இப்படியா ஆக வேண்டும் என்று என் மனைவி அழுதாள். இரண்டு பக்கமும் இடி வாங்கியவள், நிறைமாதமாக இருந்த என் மருமகள்.

“நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிற வரைக்கும், என் பிரசவத்துக்கு ரெண்டு பேருமே வர வேண்டாம்” என்று சொல்லிவிட்டாள்.

நான் வாதாடினேனா? வக்கீல் வைத்தேனா? எங்கள் மாடியில் விளைந்ததைச் செடிக்கு ஒரு பழமாகப் பறித்துத் தட்டில் வைத்தேன். மனைவியையும் இழுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுப் படியேறினேன். அந்த அம்மா தட்டைப் பார்த்தார். சிறிசு, பெரிசு, சப்பை, வெடிப்பு.

“உங்க வீட்லயும் இதே கூத்துதானா?” என்றார். சொன்னவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த என் மனைவிக்கும் வந்துவிட்டது.

பிறகு யார் நிறுத்துவது? இருவரும் அந்த வீட்டுத் தோட்டத்தில் இறங்கி, செடி செடியாகக் கடித்துத் துப்பிக்கொண்டே போனார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு செடி. முந்தின நாள் மழையில் நனைந்தும் ஒரு பழம்கூட வெடிக்கவில்லை. என் மனைவி கடித்தாள். துப்பாமல் விழுங்கிவிட்டு, மறுபாதியைச் சம்பந்தியிடம் நீட்டினாள். அவரும் தின்றார். “இதுல விதை எடுப்போம்” என்றார்.

அன்பர்களே! சிதறியதைக் கண்டு சினக்காதீர்கள்! சிதறினால்தானே தேட முடியும்? தேடினால்தானே தேர முடியும்? தேர்ந்ததை விதைத்து, விளைந்ததில் மீண்டும் தேர்ந்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தால் அல்லவா அது நம் விதை, நம் வீட்டு விதை! அந்தச் செடியின் வழிவந்த விதைதான் இன்று வாசலில் பொட்டலமாகக் காத்திருக்கிறது.

பிரசவத்துக்கு இருவரும் போனார்கள். பேத்தி பிறந்தாள். குழந்தையை ஏந்தி வந்த நர்ஸ், யார் ஜாடை என்று சொல்லுங்கள் என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. போச்சு, மறுபடியும் சண்டை!

சம்பந்தி அம்மாள் குழந்தையை உற்றுப் பார்த்தார். “இப்பதானே முளைச்சிருக்கு. பொறுத்துப் பாப்போம்” என்றார்.

“பாக்கலாம் சம்பந்தி” என்றாள் என் மனைவி. “முதல்ல நீங்க தூக்குங்க.”

பொறுமை காத்த தலைவருக்கும், கைதட்டினால் மண் உதிரும் உங்கள் கரங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!