ஆடாத கேமரா

இன்ஸ்பெக்டர் மேடம், உங்கள் ஜீப்பின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கிற கேமரா இந்த வாரத்துக்குள் கழன்று விழுந்துவிடும். என்னை அழைத்து வந்தபோது பின்சீட்டிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன். கண்ணாடியைத் துடைக்காமல் ஒட்டியிருக்கிறார்கள். முடிந்தால் இன்றைக்கே கழற்றி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டச் சொல்லுங்கள்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன், மறைக்க ஒன்றும் இல்லை. கோபத்தில் செய்தாயா என்று ஏட்டையா திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குக் கோபம் வராது. அது என் சுபாவத்திலேயே கிடையாது.

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிறேன். கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டுகிற லைன். ஒட்டுவது என்றதும் எல்லோரும் பசையைத்தான் நினைப்பார்கள். பசை கடைசி. துடைப்பதுதான் முக்கால்வாசி வேலை. எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும், எவ்வளவு உசத்தியான பசையாக இருந்தாலும், காற்றடித்தால் உரிந்துவிடும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இளம்பரிதி என் சிநேகிதன். பிறகு என் தங்கை மதிவதனியைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு முன்னும் மச்சான், பின்னும் மச்சான், கூப்பிடுவதில் ஒரு மாற்றமும் இல்லை. அவனும் எங்கள் கம்பெனியில் இருந்தவன்தான். வேலையை விட்டுவிட்டு யூடியூப் சேனல் தொடங்கினான். எங்கள் பக்கத்துக் கார் கம்பெனிகள் புது மாடலை வெளியே விடுவதற்கு முன்னால் ரோட்டில் ஓட்டிப் பார்ப்பார்கள். வடிவம் தெரியக்கூடாது என்று வண்டி முழுக்கக் கறுப்பு வெள்ளையில் சுழி சுழியாக ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த வண்டிகளைத் துரத்திப் படம் பிடித்து, இது இன்ன மாடல், இன்ன மாதம் வரும் என்று சொல்வதுதான் அவன் சேனல். ஒரு தடவைகூட அவன் சொன்னது பொய்யானதில்லை. அந்த நம்பிக்கைதான் அவனுக்குச் சோறு. ஒரே ஒரு வண்டியில் ஏமாந்தாலும் மறுநாள் அவனை யாரும் சீந்தமாட்டார்கள். இது அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

அவன் வண்டி ஓட்டுவான், பேசுவான். படம் பிடித்தது கேமரா. அந்தக் கேமராவை மாட்டியது நான்.

வாங்கும்போதும் நான்தான் கூடப் போனேன். அவன் பெட்டிமேல் பெரிதாக எண் போட்டிருந்த ஒன்றைக் காட்டி, "மச்சான், இத்த வாங்கிக்கலாம், பிக்சர் சும்மா பிச்சிக்கினு பூடும்" என்றான். பெட்டியில் இருக்கிற எண்ணையா ரோட்டில் ஓட்டப்போகிறோம்? வெயிலில் கார்மேல் வைத்தால் சூடாகித் தானாக நின்றுவிடுமா, குலுக்கலைத் தானே சமாளிக்குமா, தண்ணீர் தாங்குமா என்று கடைக்காரரைக் கேட்டேன். தண்ணீர் என்றதும் இளம்பரிதி சிரித்தான்.

"இன்னா மச்சான், ஏரிக்குள்ளயா வண்டி ஓட்டப்போறேன்?"

அந்தக் கேள்வியை அன்றைக்கு நல்ல மனதோடுதான் கேட்டேன்.

மாட்டுவதற்கும் முறை இருக்கிறது. அவன் ஆசைப்பட்ட மாதிரி நீளக் கம்பியில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு வைத்தால் படமும் ஆடும், பக்கத்தில் பைக்கில் போகிறவன் தலையும் போகும். கம்பி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. பானெட்டில், முன்கண்ணாடிக்குக் கீழே, ஓட்டுபவன் பார்வையை மறைக்காத இடமாகப் பார்த்தேன். பிளாஸ்டிக்கில் வைக்கக்கூடாது, வளைவில் வைக்கக்கூடாது. துடைத்து, காயவிட்டு, உறிஞ்சு ரப்பரை அழுத்தி, பூட்டை மடக்கி, கையால் இழுத்துப் பார்ப்பேன். அதற்கு மேலும் ஒரு மெல்லிய கம்பிக் கயிற்றால் பானெட் கீலோடு கட்டிவிடுவேன். ரப்பர் விட்டாலும் கயிறு விடாது. பின்னால் வருகிறவன் முகத்தில் கேமரா பறந்து விழுந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? பாதுகாப்பு விஷயத்தில் நான் கறார்.

ஒருநாள் வீடியோவுக்குக் கீழே யாரோ கேட்டிருந்தார், இவ்வளவு வேகத்தில் போயும் படம் துளிகூட ஆடவில்லையே, எப்படி என்று. அடுத்த வீடியோவில் இளம்பரிதி பதில் சொன்னான்: "அது நம்ம கைவண்ணம் மக்களே. நானே ரோசன பண்ணி, நானே மாட்டினது."

கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகும்போது அதைப் பார்த்தேன். பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்து, "உன் மச்சான் கில்லாடிப்பா" என்றார். நானும் சிரித்தேன். கோபப்படவில்லை. அன்றைக்கு லைனில் ஒரு கதவுக்குப் பட்டையைக் கோணலாக ஒட்டிவிட்டேன், அவ்வளவுதான். சூப்பர்வைசர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

அவனிடம் வாய்விட்டே கேட்டேன். "மச்சான், ஒரே ஒரு தபா என் பேர சொல்லேன்."

"சொல்றேன் மச்சான், சொல்லாம எங்க பூடப்போறேன்?" என்று முதுகில் தட்டினான். பொங்கல் வந்தது, ஆடி வந்தது, தீபாவளியும் வந்தது. சொல்லவில்லை.

அதனால் ஒரு சின்ன விளையாட்டு விளையாடலாம் என்று நினைத்தேன்.

எங்கள் தெரு கன்னியப்பன் அண்ணனிடம் பழைய கார் ஒன்று சும்மா கிடந்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது, அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லி வாங்கினேன். முன்னும் பின்னும் தெர்மோகோல் வைத்துப் புடைக்கச் செய்து, மேலே சுழி ஸ்டிக்கர் ஒட்டினேன். சோதனை வண்டிகளில் இருக்கிற மாதிரி சிவப்பு நம்பர் பலகையும் மாட்டினேன். பார்த்தால் ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கியது மாதிரி இருந்தது. பின்கதவு மட்டும் மொட்டையாகத் தெரிந்தது. என்ன வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே மாடி போர்ஷனில் இருக்கும் மதிவதனியின் சமையலறைக்குப் போனேன். இட்லிக்குண்டான் மூடி கண்ணில் பட்டது. வட்டமாக, நடுவில் குமிழோடு. அதைப் பின்கதவில் ஒட்டி ஸ்டிக்கரால் மூடியதும், அது என்னவோ புதுமாதிரி ரேடார் ஆகிவிட்டது.

"ண்ணா, என் குண்டான் மூடிய பாத்தியா? தட்ட கவுத்து மூடிக்கினு கீறேன், ஆவியெல்லாம் வெளிய பூடுது" என்றாள் மதிவதனி.

"பாக்கலம்மா" என்றேன். இந்த வாக்குமூலத்தில் வரும் பொய்களில் இதுதான் சின்னது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இளம்பரிதிக்கு போன் செய்தேன். தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஏரிக்கரை ரோட்டில் ஒரு முகமூடி வண்டி ஓடுகிறது, சீக்கிரம் வா என்றேன். அவன் காரில் கேமராவை முந்தின நாளே மாட்டி வைத்திருந்தேன். பெல்ட் போட்டுக்கொள் என்றும் சொன்னேன். இதைக் கட்டாயம் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வந்தான். முகமூடி வண்டியை ஓட்டிய நான் தொப்பியும் முகக்கவசமும் போட்டிருந்ததால் அவனுக்கு என்னைத் தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தான். அவன் பேசியதைப் பிறகு மெமரி கார்டில்தான் கேட்டேன். "மக்களே, பின்னாடி பாருங்க, ரேடார் கீது! இந்த வெலைக்கு இது மொத தபா!" தங்கை வீட்டு இட்லிக்குண்டானை அவன் அப்படிப் புகழ்ந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

ஏரிக்கரையின் நேர்ரோட்டில் வேகம் எடுத்தேன். காற்றில் மூடிமேல் இருந்த ஸ்டிக்கர் படபடவென்று அடித்துக்கொண்டு உரிந்து போனது. உள்ளே எவர்சில்வர் பளிச்சென்று தெரிந்தது. அது மதிவதனி கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த சீர்ப் பாத்திரம். நம் வழக்கப்படி பெயர் வெட்டியிருந்தது. 'ம. பலராமன் அன்பளிப்பு' என்று, நல்ல பெரிய எழுத்தில்.

இளம்பரிதி இன்னும் கிட்டே வந்தான். படித்தான். அதற்குள் வளைவு வந்துவிட்டது. நான் திரும்பினேன். அவன் திரும்பவில்லை.

அது ஒன்றும் செம்பரம்பாக்கம் ஏரி இல்லை மேடம். நின்றால் இடுப்பளவுத் தண்ணீர், உட்கார்ந்தால் கழுத்தளவு. இளம்பரிதி உட்கார்ந்திருந்தான். தோள் எலும்பு முறிந்திருந்ததால் பெல்ட்டைக் கழற்ற முடியவில்லை. கதவும் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன், இண்டிகேட்டர் போட்டுத்தான். இறங்கி ஓடித் தண்ணீரில் குதித்தேன். அதில் சந்தேகம் வேண்டாம். முதலில் எங்கே போனேன் என்பதுதான் உங்கள் கேள்வி. கேமராவிடம் போனேன். தண்ணீருக்குள் அது ஒரு சாண் ஆழத்தில், மாட்டின கோணம் மாறாமல் அப்படியே இருந்தது. ஒரு கார் கரையிலிருந்து ஏரிக்குள் பாய்ந்திருக்கிறது, ரப்பர் ஒரு நூல்கூட நகரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கயிற்றைக் கழற்றி, பூட்டை விடுவித்து, வெளியே எடுத்தேன். அப்போது அது என் பக்கம் திரும்பிவிட்டதால் என் முகமும், பிறகு கண்ணாடிக்குப் பின்னால் வாயைத் திறந்து திறந்து மூடுகிற அவன் முகமும் பதிவாகியிருக்கின்றன. "இரு மச்சான், இதோ வந்துட்டேன்" என்ற குரல் என்னுடையதுதான். பனியனால் லென்ஸைத் துடைத்தது கொஞ்சம் அதிகப்படி என்று இப்போது தோன்றுகிறது.

அப்புறம் அவனை இழுத்துக் கரையில் போட்டேன். ஆள்கள் ஓடி வந்தார்கள். உயிரைக் காப்பாற்றின தெய்வம் என்று யாரோ என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் மதிவதனி என் தோளில் சாய்ந்து அழுதாள். நெஞ்சு நிறைந்திருந்தது. அவன் பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொன்னபிறகுதான் வீட்டுக்குப் போய் வீடியோவை ஏற்றினேன். சேனலின் பாஸ்வேர்டு எப்போதும் என்னிடம்தான் இருக்கும். ஏரிக்குள் பாய்கிற இடத்தோடு வெட்டிவிட்டேன். மீதி அவன் குடும்ப விஷயம்.

வீடியோவுக்குக் கீழே எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: யார் இந்தப் பலராமன்? இட்லி மூடியை ரேடார் என்றவனைக் கேலி செய்யவும் மறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் சேனலை நம்பியிருந்த பாதிப்பேர் போய்விட்டார்கள். பெயரை வைத்து நீங்களும் என் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள்.

நேற்று இங்கே மெமரி கார்டை முழுதாகப் போட்டுக் காட்டியபோது மதிவதனியும் இருந்தாள். பார்த்து முடித்தபிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கேமராவுக்கு மூச்சு முட்டிச்சா இன்னாண்ணா?"

முட்டாதும்மா, அதுக்குத்தான் தண்ணி பூராத மாடலா பாத்து வாங்கினோம் என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். தங்கை என்னைப் பார்க்காமல் போனது இதுதான் முதல்முறை. அது எனக்கு வலிக்கிறது. வலிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். மூடியை வழக்கு முடிந்ததும் அவளிடமே கொடுத்துவிடுங்கள். ஆவி வீணாகிறது.

ஒன்றை மட்டும் திருத்திக்கொள்கிறேன். ஸ்டிக்கர் தானாக உரிந்ததா என்று கேட்டீர்கள், காற்று மேடம் என்றேன். வண்டி முழுக்க ஸ்பிரிட் போட்டுத் துடைத்தவன் நான். மூடியில் மட்டும் துடைக்கவில்லை, நல்லெண்ணெய் தடவினேன். எழுத்துப் பள்ளங்களில் கறுப்பு மை தேய்த்ததும் நான்தான். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தனியாக ஓட்டிப் பார்த்தேன். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் உரிந்தது. எண்ணெயைக் கொஞ்சம் துடைத்திருந்தால் வளைவு தாண்டி, அகலமான ரோட்டில் உரிந்திருக்கும். அந்தக் கணக்கும் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அங்கே வெளிச்சம் எதிரே அடிக்கும், எழுத்து சரியாக விழாது.

அவன் சாகவேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. என் பெயரை அவன் வாயால் சொல்லவேண்டும், அவன் வீடியோவிலேயே சொல்லவேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். சொன்னான். கார் கரையை விட்டுத் தாவுகிற நேரத்தில், தெளிவாக, "பலராமன்!" என்றான். எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுக் கேட்டுப் பாருங்கள், படம் ஆடவே இல்லை.

இனிஷியலைத்தான் விட்டுவிட்டான். அதற்காக நான் கோபப்படவில்லை.